கொழும்பு யாருடைய ஊர்?



கொழும்பில் இரண்டு தமிழர் முதன்முறையாகச் சந்தித்துக்கொண்டால், பெயரைக் கேட்டு முடித்தவுடன் அடுத்து வரும் கேள்வி எதுவென்று உங்களுக்குத் தெரியும். "தம்பி எந்த ஊர்?" கேட்கப்படுபவர் கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். "கொழும்புதான்" என்று அவர் சொன்னால் கேட்டவர் விடமாட்டார். "அது சரி, சொந்த ஊர் எது?" என்பார். தகப்பனார் பிறந்த வடமராட்சிக் கிராமமோ, பாட்டனார் விட்டுவந்த திருநெல்வேலிச் சீமையோ வாயில் வந்த பிறகுதான் கேட்டவருக்கு மனம் ஆறும்.

அன்பாகக் கேட்கப்படும் கேள்விதான். உறவு தேடுவதற்காகக் கேட்பது. ஆயினும் அதற்குள் ஒரு தீர்ப்பும் மறைந்திருக்கிறது. கொழும்பு ஒருவருக்குச் சொந்த ஊராக முடியாது. அது வந்து தங்கிப் போகும் இடம் என்பதே அந்தத் தீர்ப்பு. இது சரிதானா என்பதை இன்றைய பேச்சில் ஆராய்வோம். அதற்கு இந்த நகரத்தின் கதையைத் துறைமுகத்திலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் பெயர். 13ஆம் நூற்றாண்டில் எழுந்த 'சிதத் சங்கராவ' என்னும் சிங்கள இலக்கண நூலில் 'கொலம்ப' என்பது துறை என்ற பொருளில் வருகிறது. கண்டியரசனிடம் நீண்டகாலம் கைதியாக இருந்து தப்பிய ஆங்கிலேயரான ரொபேர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தம் நூலில் வேறொரு கதை சொல்கிறார். இங்கே நின்ற மாமரம் ஒன்று இலை தழைத்தும் காய்க்காமல் இருந்ததாம். இலைக்குச் சிங்களத்தில் 'கொல', மாவுக்கு 'அம்ப'. கதை சுவையானது. ஆனால் களனி கங்கை கடலோடு சேரும் இடத்தருகே, படகுகள் ஒதுங்கும் ஊருக்குத் 'துறை' என்ற பொருளுள்ள பெயர் அமைந்தது என்பதே பொருத்தமாகப் படுகிறது.

அந்தத் துறைக்கு வந்தவர்கள் யார்? 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அரபுக் கல்லறைக் கல்வெட்டொன்று கொழும்பில் கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. 1344இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, 'கலன்பு' என்ற இவ்வூரைத் தீவின் சிறந்த பெரிய நகரங்களுள் ஒன்றென்கிறார். கடலின் அதிபதியாக இங்கிருந்த ஒருவரிடம் ஐந்நூறு அபிசீனியர் இருந்ததாகவும் எழுதுகிறார். ஆக, போர்த்துக்கேயர் இத்தீவைக் காண்பதற்கு 160 வருடங்களுக்கு முன்பே ஆபிரிக்கரும் அரபுக்களும் இந்தத் துறையில் நடமாடியிருக்கிறார்கள்.

கொழும்பு நூதனசாலைக்குப் போகிறவர்கள் அங்குள்ள ஒரு கல்லின் முன் சற்று நிற்க வேண்டும். சீனத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த கல் அது. 1409ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டு, 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. அதில் மூன்று மொழிகள் உள்ளன. சீன மொழியில் புத்தருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும், தமிழில் தேவந்துறையில் கோயில்கொண்ட தென்னாவரை நாயனாருக்கும் காணிக்கைகள் சொல்லப்படுகின்றன. அக்காலத்தில் இந்தக் கடலோரத்தில் மும்மொழியும் அறிந்தவர்கள் நடமாடினார்கள் என்பதற்கும், கடல் வணிகத்தில் தமிழுக்கு ஓர் ஆசனம் இருந்தது என்பதற்கும் இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிறகு வந்தவர்கள் கோட்டை கட்டினார்கள். 1505இல் போர்த்துக்கேயர் வந்தனர். 1518இல் கோட்டை எழுப்பினர். ஏழு மாத முற்றுகைக்குப் பின் 1656 மே மாதத்தில் ஒல்லாந்தர் அதைப் பிடித்தனர். 1796 பெப்ரவரியில் ஆங்கிலேயரிடம் அது கைமாறியது. பரீட்சைக்காக இந்த ஆண்டுகளை நீங்கள் மனனம் செய்திருப்பீர்கள். ஆனால் அந்த மூவரும் உங்கள் வாய்க்குள் இன்னும் குடியிருப்பதைக் கவனித்தீர்களா? நாம் உட்காரும் 'கதிரை' போர்த்துக்கேயச் சொல். 'அலமாரி', 'சாவி', 'மேசை', 'ஜன்னல்' எல்லாம் அப்படியே. பெரியவர்கள் வேலைக்குப் போகும் இடத்தைக் 'கந்தோர்' என்பார்களே, அது ஒல்லாந்தரின் சொல். காலையில் கொழும்பு வீடுகளில் உண்ணும் பாணும் சம்பலும் எப்படி? 'பாண்' போர்த்துக்கேயர் தந்தது. 'சம்பல்' மலாய்க்காரர் கொண்டுவந்தது. ஒரு பீங்கான் கோப்பைக்குள் இரண்டு கடல்களின் சொற்கள்.

மலாய்க்காரர் என்று நாம் சொல்வோரில் பலர், ஒல்லாந்தர் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து போர்வீரர்களாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் கொண்டுவந்தவர்களின் வழிவந்தோர். கொம்பனித்தெரு அவர்களது பழைய வாழிடம். ஒல்லாந்தர் தம் அடிமைகளை இரவில் அடைத்துவைத்த இடமும் அதுதான். அதனால் ஆங்கிலத்தில் அதற்கு 'அடிமைத்தீவு' என்ற பெயர் நெடுங்காலம் நிலைத்தது. மலாய் மொழியின் முதற் பத்திரிகைகளுள் ஒன்றாகக் கருதப்படும் 'அலாமத் லங்காபுரி', 1869இல் கொழும்பில்தான், பாபா யூனுஸ் சல்தீன் என்பவரால், அரபு எழுத்தில் வெளியிடப்பட்டது. அடிமைகளின் பெயரால் அழைக்கப்பட்ட பகுதிக்கு அருகே ஒரு மொழி தன் பத்திரிகையைப் பெற்றெடுத்தது என்பதை நினைத்துப் பாருங்கள். தமிழுக்கும் இந்நகரம் கடன்பட்டதல்ல. கொழும்பில் பிறந்த தமிழ்ப் போதகர் பிலிப்பு டி மெல்லோ பங்குகொண்ட தமிழ்ப் புதிய ஏற்பாடு, 1759இல் இங்கே ஒல்லாந்தர் அச்சகத்தில் அச்சாயிற்று.

இனிக் கொட்டாஞ்சேனைக்கு வருவோம். ஒரு பின்னேரம் போதும், கால்நடையாகவே பார்த்துவிடலாம். மேட்டில் நிற்பது ஒல்லாந்தர் 1749இல் தொடங்கி 1757இல் அர்ப்பணித்த வுல்வெந்தால் தேவாலயம். குள்ளநரிகளைக் கண்டு ஓநாய்கள் என்று எண்ணி ஒல்லாந்தர் வைத்த பெயர் 'ஓநாய்ப் பள்ளத்தாக்கு' என்பார்கள். சற்றுத் தள்ளிக் கத்தோலிக்கரின் புனித லூசியாள் பேராலயத்தின் பெரிய கவிமாடம். இன்னொரு பக்கம் தீபதுத்தாராம பௌத்த விகாரை. துறைமுகத்தை நோக்கி இறங்கினால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். அதற்கப்பால், பொன்னம்பல முதலியார் 1857இல் கட்டுவித்து, அவரது மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லால் புதுப்பித்த பொன்னம்பலவாணேசுவரர் ஆலயம். இடையிடையே பள்ளிவாசல்களின் பாங்கோசை.

இதைப் பார்த்து, "எவ்வளவு அழகான ஒற்றுமை!" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவது இலகு. உண்மைக் கதை அத்தனை இலகுவானதன்று. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. தீபதுத்தாராமயவுக்கு வந்துகொண்டிருந்த பௌத்த ஊர்வலம் கத்தோலிக்கக் கூட்டத்தினால் தாக்கப்பட்டது. கல்லும் தடியும் பறந்தன, உயிரும் போயிற்று. குற்றவாளிகள் தண்டிக்கப்படவில்லை என்ற மனக்குறையோடு, பௌத்தர்களின் சார்பில் கேணல் ஒல்கொட் 1884இல் இலண்டனுக்குச் சென்று முறையிட்டார். அடுத்த வருடம் வெசாக் முழுமதி நாள் அரசாங்க விடுமுறையாயிற்று. பாணந்துறை விவாதத்தில் புகழ்பெற்ற மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் விகாரை இதுதான். இன்று உலகெங்கும் பறக்கும் பௌத்தக் கொடி 1885 ஏப்ரல் 28ஆம் திகதி முதன்முதலாக ஏற்றப்பட்டது இந்தக் கொட்டாஞ்சேனை விகாரையிலேதான். ஒரு தெருச் சண்டையின் வடுவிலிருந்து ஒரு விடுமுறையும் ஒரு கொடியும் பிறந்தன. அடுத்தடுத்த வீடுகளில் வாழ்வது வேறு, ஒருவரையொருவர் அறிந்து வாழ்வது வேறு என்பதைக் கொட்டாஞ்சேனை அன்றே கற்றுத் தந்தது.

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலின் தொடக்கமும் ஒளித்து வாழ்ந்தவர்களின் கதைதான். ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலத்தில், கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குரு வணிகரைப்போல வேடமிட்டு ஊழியம் செய்தார் என்பதும், கடல் கரையை அரித்தபோது மீனவர்கள் அவரைச் செபிக்கக் கேட்டார்கள் என்பதும் வழிவழிச் செய்தி. இன்றும் செவ்வாய்க்கிழமைகளில் அங்கே மெழுகுதிரி ஏற்றுவோரில் சைவர் உண்டு, பௌத்தர் உண்டு. 2019 ஏப்ரல் 21, மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறு. அந்தக் கோயிலில் குண்டு வெடித்தது. அன்று நாட்டின் பல இடங்களிலும் நடந்த தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு ஜூனில் கோயில் மறுபடியும் திறக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமைக் கூட்டம் மீண்டும் வந்தது.

நேயர்களே, கொழும்பு பெரிய நகரமானது அதன் துறைமுகத்தினால் என்கிறோம். ஆனால் இயற்கை கொழும்புக்கு நல்ல துறைமுகத்தைக் கொடுக்கவில்லை. இயற்கையின் கொடை திருகோணமலைக்குத்தான். கொழும்பில் இருந்தது திறந்த கடல். தென்மேற்குப் பருவக்காற்று எழும்பினால் கப்பல்கள் தள்ளாடும். ஆட்களையும் பொருட்களையும் வள்ளங்களில் ஏற்றி இறக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பியத் தபாற்கப்பல்கள் தரித்துச் சென்றது காலியில். கண்டிக்கு 1867இல் புகையிரதப் பாதை முடிந்ததும் கோப்பி கொழும்புக்கு இலகுவாக வந்து சேர்ந்தது. 1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் கிழக்குக்கும் மேற்குக்கும் இடையிலான கப்பற்பாதை இத்தீவின் வாசலால் சென்றது. இனிக் கொழும்புக்கு அலைதடுப்பு வேண்டும் என்று ஆட்சியாளர் முடிவுசெய்தனர்.

1875 டிசம்பர் 8ஆம் திகதி, பின்னாளில் ஏழாம் எட்வேர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர் முதற்கல்லை நாட்டினார். பொறியியலாளர் சேர் ஜோன் கூட் வகுத்த திட்டத்தின்படி, நாலாயிரம் அடிக்கும் மேல் நீளமான தென்மேற்கு அலைதடுப்பு 1885இல் நிறைவெய்தியது. ஏனைய இரு கரங்களும் அடுத்த இருபது வருடங்களில் கடலுக்குள் நீண்டன. கொழும்பு, உலகின் மும்முரமான துறைமுகங்களுள் ஒன்றாயிற்று.

முதற்கல் நாட்டிய இளவரசரின் பெயர் நமக்குத் தெரியும். அந்தக் கல்லை உடைத்தவர்கள் யார்? மஹர கல்லுடைப்பிடத்தில் வேலை செய்த சிறைக்கைதிகள். அவர்களுடைய பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அதன்பின் கப்பல்களுக்குக் கூடை கூடையாய் நிலக்கரி சுமந்தவர்கள், அரிசி மூட்டை இறக்கியவர்கள், தெருக்களைக் கூட்டியவர்கள் என்று, தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழரும் மலையாளிகளும் நகரத்தின் பாரத்தைத் தோளில் ஏற்றார்கள். புறக்கோட்டையின் ஒடுங்கிய குறுக்குத் தெருக்களில் தள்ளுவண்டி இழுக்கும் நாட்டாமிமாரை நீங்கள் இன்றும் காணலாம். 1927இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது நகரமே நின்றது. அந்தக் கைகள் இல்லாவிட்டால் கொழும்பு இல்லை என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

தெரிந்தும் என்ன? பொருளாதார நெருக்கடி வந்ததும் அதே தொழிலாளரைப் பார்த்து, "உன் ஊர் எது?" என்ற கேள்வி எழுந்தது. 1939இல் அரசாங்க வேலைகளிலிருந்து இந்திய நாட்கூலித் தொழிலாளர் நீக்கப்பட்டனர். நேரு இங்கு வந்து பேசிப் பார்த்தும் பயனில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், மலையகத்தாரோடு கொழும்பின் வரிசை வீடுகளிலும் 'வத்தை'களிலும் வாழ்ந்தவர்களையும் நாடற்றவர்களாக்கியது.

வணிகர் கதை வேறு. செட்டியார் தெருவில் நகரத்தார் கிட்டங்கி வைத்து வட்டிக்கும் வணிகத்துக்கும் ஊன்றி நின்றனர். பழைய, புதிய கதிரேசன் கோயில்கள் இரண்டும் அவர்கள் எழுப்பியவை. கதிர்காமத்துக்குப் போக முடியாதபடி கொள்ளைநோய் தடுத்த ஒரு காலத்தில்தான் முருகனுக்குக் கொழும்பிலேயே ஆடிவேல் எடுக்கும் வழக்கம் தொடங்கியது என்பார்கள். செட்டியார் தெருவிலிருந்து காலிமுகத்திடல் வழியாகப் பம்பலப்பிட்டிக்குத் தேர் போகும்போது, வீதியோரம் நின்று பார்ப்பவர்களில் எல்லா மதத்தாரும் இருப்பர். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் செங்கோடும் வெண்கோடுமாய் நிற்கும் ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல் 1908இல் கட்டத் தொடங்கப்பட்டது. அருகிலுள்ள கான் மணிக்கூட்டுக் கோபுரம் பார்சிக் குடும்பத்தாரின் கொடை. எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்று 1883இல் இங்கு நாடுகடத்தப்பட்ட ஒராபி பாஷா, கொழும்பு முஸ்லிம்களின் கல்வி விழிப்புக்கு ஊக்கமளித்தார். அவரோடு பழகிய சித்திலெவ்வை, 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்ற தமிழ் நாவலை எழுதினார். 1892இல் சாஹிராக் கல்லூரி தோன்ற முன்னின்றார். தமிழின் ஆரம்பகால நாவல்களுள் ஒன்றில் எகிப்து நாட்டுக் கதாநாயகன் உலவுவதற்கும் துறைமுகமே காரணம்.

இனித் தெற்கே, வெள்ளவத்தை. சிங்களத்தில் 'வெல்ல' மணல், 'வத்த' தோட்டம். பெயரிலேயே கடற்கரை இருக்கிறது. இன்று 'சின்ன யாழ்ப்பாணம்' என்று சொல்லப்படும் இவ்விடத்தின் முதல் அடையாளம் யாழ்ப்பாணமல்ல, நூலாலை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த வெள்ளவத்தை நூற்பு நெசவாலையில் மலையாளிகள் பெருந்தொகையாக உழைத்தனர். 1933இல் அங்கு நடந்த வேலைநிறுத்தத்தில் கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இளம் இடதுசாரிகள் தொழிலாளர் பக்கம் நின்றனர். அந்த ஆலை இன்றில்லை. அது நின்ற நிலத்தில் அடுக்குமாடிகள் எழும்பியுள்ளன.

1929இல் சிலி நாட்டுத் துணைத் தூதுவராகக் கொழும்புக்கு வந்த ஓர் இளங்கவிஞர் வெள்ளவத்தைக் கடலோரத்தில் குடியிருந்தார். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற பாப்லோ நெரூடா. அவர் இங்கே வாழ்ந்ததைப் பெருமையாகச் சொல்வோம். அவரது மறைவுக்குப்பின் 1974இல் வெளிவந்த நினைவுக் குறிப்புகளில் இன்னொன்றும் உண்டு. தம் வீட்டின் கழிவறையைச் சுத்தம் செய்யவந்த தமிழ்ப் பெண்ணொருவரை அவரது விருப்பமின்றிப் பலாத்காரம் செய்ததைத் தாமே எழுதியிருக்கிறார். கவிஞரின் பெயர் உலகறிந்தது. அந்தப் பெண்ணின் பெயரை அவர் கேட்டு வைக்கவுமில்லை. நீங்கள் வளர்ந்து அவரது கவிதைகளைப் படிப்பீர்கள், படிக்கத்தான் வேண்டும். அப்போது அந்தப் பெண்ணையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவரும் இந்நகரத்தின் வரலாறுதான்.

1942இல் கொழும்புத் தமிழ்ச் சங்கம் உருவாயிற்று. வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் அதன் நூலகமும் மண்டபமும் இருக்கின்றன. உத்தியோகத்துக்காக வந்த யாழ்ப்பாணத்தார் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் வீடு வாங்கினார்கள். பிள்ளைகள் பம்பலப்பிட்டியிலே படித்தார்கள். அப்போதுதான் 1983 ஜூலை வந்தது.

அந்த வாரத்தை இங்கே விரித்துச் சொல்லப்போவதில்லை. ஜூலை 24ஆம் திகதி இரவு பொரளையில் மூண்ட தீ மறுநாள் வெள்ளவத்தையையும் புறக்கோட்டையையும் கொட்டாஞ்சேனையையும் பற்றியது. வாக்காளர் பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிவந்தார்கள். அதே ஒழுங்கைகளில், தம் உயிரைப் பணயம் வைத்து அயலவரை ஒளித்துவைத்த சிங்களவரும் முஸ்லிம்களும் இருந்தனர். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமாயிற்று. பின்னர் முகாம்களிலிருந்தோர் கப்பலேற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் அக்கப்பல்களில் இருந்தார்கள். ஆயிரம் வருடமாக ஆட்களை உள்ளே அழைத்த துறைமுகம், அன்று சொந்த மக்களை வெளியே அனுப்பியது.

எனினும் அவர்கள் திரும்பி வந்தார்கள். போர் வடக்கைத் துரத்தியபோது இன்னும் பலர் வந்தார்கள். 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், மாநகர எல்லைக்குள் வாழ்ந்த ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோரில் எந்த ஓர் இனத்தவரும் அரைவாசியை எட்டவில்லை. இந்த நகரில் எல்லோரும் சிறுபான்மையினர்தான்.

இன்னுமொரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். 2007 ஜூன் 7. விடிவதற்கு முன் பொலிஸார் கொழும்பின் விடுதிகளுக்குள் புகுந்தார்கள். வெளிநாடு போகக் காத்திருந்தவர்கள், வைத்தியத்துக்காக வந்தவர்கள், வேலை தேடியவர்கள் என்று 376 தமிழரை பஸ்களில் ஏற்றிச் 'சொந்த ஊர்'களுக்கு அனுப்பினார்கள். கொழும்பில் தங்கத் தக்க காரணம் இல்லை என்பது சொல்லப்பட்ட நியாயம். மறுநாளே உயர் நீதிமன்றம் தடையுத்தரவு வழங்கியது. சில நாட்களில் பிரதமர் வருத்தம் தெரிவித்தார்.

தேநீர்க் கடையில் அன்பாகக் கேட்கப்படும் அதே கேள்விதான் அன்று பொலிஸ்காரரின் வாயிலிருந்து வந்தது: சொந்த ஊர் எது? நாம் ஒருவரையொருவர் அப்படிக் கேட்டுக்கேட்டே, கொழும்பு நம்முடையதல்ல என்பதை நாமே ஒப்புக்கொண்டிருக்கிறோமோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

இந்நகரத்தின் சிங்களவரில் பலரின் பாட்டன்மார் மாத்தறையிலிருந்தோ காலியிலிருந்தோ வந்தவர்கள். முஸ்லிமின் முன்னோர் கடல்கடந்து வந்தவர்கள். பறங்கியரும் மலாய்க்காரரும் அப்படியே. இப்பொழுது காலிமுகத்திடலுக்கு அருகே கடலை நிரப்பி எழுப்பப்பட்டிருக்கும் 269 ஹெக்டேர் துறைமுக நகரத்துக்கு மண்கூடக் கடலுக்கடியிலிருந்து வந்ததுதான். வராதவர் என்று இங்கே யாரும் இல்லை. வந்தவர்கள் கல் உடைத்தார்கள், மூட்டை சுமந்தார்கள், கோயில் கட்டினார்கள், பத்திரிகை அச்சிட்டார்கள். ஓர் ஊர் ஒருவருக்குச் சொந்தமாவதற்கு அதற்கு மேல் வேறென்ன உறுதி வேண்டும்?

எனவே, இளம் நேயர்களே, ஒரு சிறு வேலை. உங்கள் ஒழுங்கையில் வயதில் மூத்தவர் யாரென்று பாருங்கள். அவர் எந்த இனத்தவராயினும் சரி. அவருடைய குடும்பம் எப்போது, எந்த வழியால், என்ன வேலைக்காக இங்கு வந்தது என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அலைதடுப்புக்குக் கல்லுடைத்தவர்களின் பெயரை நாம் எழுதி வைக்கவில்லை. இவர்களுடைய பெயராவது தவறிவிடக் கூடாது.

அடுத்த முறை யாராவது உங்களிடம் எந்த ஊர் என்று கேட்டால், தகப்பனாரின் கிராமத்தை மறக்காமல் சொல்லுங்கள். அது உங்கள் வேர். ஆனால் அதற்கு முன், தயங்காமல், "கொட்டாஞ்சேனை" என்றோ "வெள்ளவத்தை" என்றோ சொல்லிவிடுங்கள். கேட்டவர் மீண்டும், "அது சரி, சொந்த ஊர்?" என்றால், "அதுதான் ஐயா, சொந்த ஊர்" என்று சொல்லுங்கள்.